நான்காவது வளைவில் ஆறு பானைகள்

என் நைனாவுக்குச் சொந்தமாகக் கார் இருந்ததில்லை. ஒரு சைக்கிள் இருந்தது. ஆனாலும் 1967 முதல் 1979 வரை சித்தூரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட டாக்டர்கள், வக்கீல்கள், சர்க்கரை ஆலை அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று நூற்றுப் பதினான்கு பேருக்குப் பக்கத்து சீட்டில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கை சரியானது. ஒவ்வொரு பெயரும் அவர் நோட்டில் இருக்கிறது.

அவர் பெயர் அசரியா. ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் ஃபோர்மேன். வேலைக்கு வரும் புது டிரைவர்களை ஓட்டவைத்துப் பார்த்து, தேறினார்களா இல்லையா என்று சொல்வதும் அவர் பொறுப்பு. போன நவம்பரில், அறுபத்தொன்றாம் வயதில் இறந்தார். சபைப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. பிறந்த தேதி, இறந்த தேதி, மனைவி ஞானசௌந்தரி, ஒரே மகள் ரூத்.

அந்த மகள் நான். நான்கு வரியில் இல்லாததைச் சொல்ல இதை எழுதுகிறேன். 1979 மே மாதம் அவர் கவனக்குறைவாக இருந்ததால் ஒரு பெண் தன் காலை இழந்தார் என்று சித்தூரில் எல்லோரும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை.

சித்தூர் மோட்டார் கிளப் 1966ல் பன்னிரண்டு பேரோடு தொடங்கியது. தலைவர் வக்கீல் ஏகாம்பரம். அவரிடம் ஒரு வெள்ளை ஃபியட் இருந்தது. அவர் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போனபோது, வழியில் வண்டி நின்றுவிட்டால் பார்த்துக்கொள்ள நைனாவையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும் வழியெல்லாம் நம் ஊரிலும் இப்படி ஒன்று நடத்த வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாராம்.

"ரேசுக்கு ரோடு வேணும் சார். நம்ம கிட்ட இருக்கறது ஏரிதான்" என்று நைனா சொல்லியிருக்கிறார்.

வக்கீல் சிரித்தார். நைனா வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சித்தூர்ப் பக்கத்து ஏரிகள் ஏப்ரலில் வறண்டுவிடும். மே மாதம் அடிமண் வெடித்து, காய்ந்து, சிமெண்டுத் தரைபோல் ஆகிவிடும். ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் இருந்த முத்தரப்பள்ளி ஏரியை அவர் தேர்ந்தெடுத்தார். ஆண்டுதோறும் மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை போட்டி. நானூற்றிருபது மீட்டர் பாதை, ஏழு வளைவுகள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. பாதையின் இரண்டு பக்கமும் பானைகள். குயவர் சூளையில் விரிசல் விட்டு விலைபோகாத பானைகளை வாங்கிவந்து, சுண்ணாம்பு அடித்துக் கவிழ்த்து வைப்போம். பானையை இடித்தால் ஐந்து செகண்டு கூட்டுவார்கள். உடைத்தால் பத்து. கிளப் நோட்டீசில் ஆட்டோகிராஸ் என்று அச்சடித்தார்கள். ஊரில் பானை ரேஸ் என்றார்கள்.

கார் இல்லாதவர் கிளப்பில் உறுப்பினராக முடியாது. அதனால் நைனாவுக்கு மைதானப் பொறுப்பாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். பாதை போடுவது, புதிதாக ஓட்டுபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, போட்டியன்று அவர்கள் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அவர் வேலை. அந்தப் பதவிக்கு ஒரு பச்சை ரிப்பன் கொடுத்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஊரு காருக்கெல்லாம் வாத்தியாரு. நம்ம ஊட்டு சைக்கிளுக்கு ரெண்டு மாசமா பிரேக் கட்டை இல்ல."

"அதான் மெதுவா போறேன்" என்றார் நைனா.

அவர் கற்றுக்கொடுக்கும் முறை தனி. முதல் பாடத்தில் இஞ்சினை ஓட்ட விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று பெடலையும் கால் கண்டுபிடிக்க வேண்டும். போட்டிக்கு முந்தின வாரம் எல்லோரையும் ஏரியில் நடக்க வைப்பார். காரில்லாமல், கையில் ஸ்டியரிங் இருப்பதுபோல் பிடித்துக்கொண்டு, கியரை வாயால் சொல்லிக்கொண்டு, முழுப் பாதையும். டாக்டர் நாகபூஷணம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு "ரெண்டு... ரெண்டு... மூணு" என்று வெயிலில் நடந்துபோனது எனக்கு நினைவிருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் கரைமேல் நின்று கேட்டாள்:

"இன்னா சாமி, கார இட்டாந்துட்டு நடந்து போறீங்க. பெட்ரோல் தீந்துபோச்சா?"

இனி கடப்பாரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஏரி வற்றத் தொடங்கியதும் மாடு வைத்திருப்பவர்கள் அங்கங்கே ஊற்றுக்குழி தோண்டுவார்கள். நான்கைந்து அடி ஆழம். அதிலும் தண்ணீர் நின்றுபோனால், மாட்டின் கால் சிக்காமல் இருக்கக் குழியை மூடுவார்கள். மண் சுமப்பது கஷ்டம். வேர்க்கடலைத் தொலியோ நிறையக் கிடைக்கும். தொலியைக் கொட்டி, மேலே அரை அடி மண் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்துவிடுவார்கள். இரண்டு வார வெயிலில் அந்த மண்ணும் மற்ற இடம்போலவே வெடித்துவிடும். ஆள் ஏறி நின்றால் தாங்கும். காரின் சக்கரம் ஏறினால் தாங்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காதால் முடியும். கடப்பாரையை ஓரடி உயரத்திலிருந்து விட்டால் நல்ல தரையில் 'டங்' என்று எழும்பும். மூடிய குழியில் 'பொத்' என்று இறங்கும்.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியத்துக்குமேல் நைனா கடப்பாரையோடு ஏரியில் இறங்குவார். கூடவே கன்னையா வருவார். ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்க்கட்டி அவர். பாதை முழுக்க, அடிக்கு ஒரு தட்டு. நான்கு மணி நேரம் ஆகும். கிளப்பில் இதை வைத்துக் கிண்டல் செய்வார்கள்.

"அசரியா, கன்னையாவுக்குத் தெரியாத குழியா? அவரைக் கேட்டா போதாதா?" என்று வக்கீல் கேட்டார்.

"கன்னையாவுக்கு முப்பது குழி தெரியும் சார். முப்பத்தொண்ணாவது குழிதான் எனக்குப் பயம்."

குழி இருக்கும் இடத்தில் அவர் எந்த அடையாளமும் வைக்கமாட்டார். பாதையை அங்கிருந்து தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார். கோட்டின்மேல் மறுநாள் பானை வைப்போம். ஏன் ஒரு கொடி நடக்கூடாது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"கொடி நட்டா புதுசா ஓட்டறவன் கண்ணு கொடி மேலயே போவும். கண்ணு போற எடத்துக்குத்தான் கையும் போவும். குழி இருக்கறது அவனுக்குத் தெரியவே கூடாது."

அது சரியான முறை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தபீதாள் டீச்சர் மிஷன் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அப்போது முப்பத்துநான்கு வயது, மணமாகாதவர். எங்கள் கோயிலில் கால் ஹார்மோனியம் வாசிப்பார். இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்துக் காற்று ஏற்றி வாசிக்கும் பெரிய பெட்டி அது. அம்மாவும் அவரும் சிறுவயதிலிருந்து ஒன்றாகப் பாடியவர்கள். அவர் தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அவர் வீட்டில் விட்டுப் போயிருந்தார். 1979 ஜனவரியில் டீச்சர் நைனாவிடம் கற்றுக்கொள்ள வந்தார்.

"டீச்சரே, ஆர்மோனியம் வாசிக்கிறப்ப காலப் பாக்கறீங்களா?"

"காலை எதுக்குப் பாக்கணும்?"

"அப்ப கிளச்சை மட்டும் இன்னாத்துக்கு எட்டி எட்டிப் பாக்கறீங்க?"

பின்சீட்டில் அம்மா இருந்தாள். "நீ பாரு தபீதா. ஆர்மோனியத்துல தப்பா மிதிச்சா பாட்டு கெடும். இதுல மிதிச்சா நான் கெடுவேன்."

நான்கு மாதத்தில் டீச்சர் நன்றாக ஓட்டினார். அந்த நூற்றுப் பதினான்கு பேரில் அவரைப்போல் வளைவில் வண்டியைப் பிடித்தவர் இல்லை என்று நைனா சொல்லியிருக்கிறார். புதியவர்கள் பிரிவில் அவர் பெயரைக் கொடுத்தார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது. திருப்பதியில் பாலிடெக்னிக்கில் சிவில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். சர்வே பாடம் எனக்குப் பிடித்தது. அந்த ஆண்டுப் பாதையை நான்தான் கிராஃப் தாளில் வரைந்து நைனாவுக்கு அனுப்பினேன். நான்காவது வளைவின் ஆரம் பதினான்கு மீட்டர். "நல்லா இருக்குது" என்று கார்டு போட்டார்.

சனிக்கிழமை அவரும் கன்னையாவும் தட்டும்போது நான் அங்கே இல்லை. பஸ் கிடைத்து வீடு சேர இருட்டிவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கோட்டின்மேல் பானை வைக்க நான் ஏரிக்குப் போனேன். நைனா ஆராதனை முடிந்துதான் வருவார். கன்னையா வண்டியிலிருந்து பானைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, குடிதண்ணீர் கொண்டுவரப் போனார்.

நான் அளக்கும் டேப் கொண்டுபோயிருந்தேன். முதல் மூன்று வளைவும் என் படத்தோடு ஒத்துப்போயின. நான்காவது, கரைக்கு அருகில் இடப்பக்கம் திரும்பும் வளைவு. அளந்தேன். பதினொரு மீட்டர்தான் இருந்தது. இருட்டும் நேரத்தில் நைனா காலடி எண்ணிக்கையில் தவறிவிட்டார் என்று முடிவு செய்தேன். ஆரம் பதினொன்று என்றால் அந்த மண்ணில் மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டருக்குமேல் திரும்ப முடியாது. பதினான்கு என்றால் முப்பது. நான்கு கிலோமீட்டர் வித்தியாசம். வெளிப்பக்கத்து ஆறு பானைகளை மூன்று மீட்டர் வெளியே தள்ளினேன். பழைய கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தேன். புதுக் கோடு போட்டேன். அழகான வளைவு.

கடப்பாரை கரைமேல் கிடந்தது. முப்பதடி தூரம்.

அன்று கோயிலில், பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை. முடிய நேரமாகிவிட்டது. பத்து மணிக்கு டீச்சரே ஹெரால்டை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நைனா, பின்னால் அம்மா, அம்மா மடியில் எலுமிச்சைச் சோறு. வெயில் ஏறிவிட்டது. பரிசு கொடுக்க அழைத்திருந்த அதிகாரி ஒருவர் ஷாமியானாவில் விசிறிக்கொண்டிருந்தார்.

முதல் கார் கிளம்புவதற்குமுன் நைனா பாதையை ஒருமுறை வெறுங்காலோடு நடந்து பார்ப்பது வழக்கம். அன்றும் செருப்பைக் கழற்றினார். வக்கீல் கையைப் பிடித்தார்.

"அசரியா, நேத்து நாலு மணி நேரம் தட்டியாச்சு. ராத்திரியில ஏரி எழுந்து நடந்துடுச்சா? ஆரம்பிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நைனா என்னைப் பார்த்தார்.

"கோட்டு மேலதானே வெச்சே?"

"ஆமா நைனா."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அது பொய்யில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோட்டின்மேல்தான் வைத்திருந்தேன். நான் போட்ட கோடு. பாதையைச் சரிசெய்ததைப் போட்டி முடிந்தபிறகு சொல்லி, அவர் வாயால் பாராட்டு வாங்கலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு எதுவுமில்லை.

புதியவர்கள் பிரிவு முதலில் ஓடியது. முதல் இரண்டு பேரும் பயந்து, நான்காவது வளைவை உள்பக்கமாகவே சுற்றி வந்துவிட்டார்கள். எழும்பிய புழுதியில், பக்கத்து சீட்டில் இருந்த நைனாவுக்கும் பானைகள் தள்ளியிருப்பது தெரியவில்லை. மூன்றாவது தபீதாள் டீச்சர். அவருக்குப் பயமில்லை. பாதையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நைனா சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார். வெளிப்பக்கத்துப் பானைகளை ஒட்டிவந்து திரும்பினார். வலது முன்சக்கரம் இறங்கியது.

சத்தம் பெரிதாக இல்லை. கார் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தது. படுக்கும்போது கதவு திறந்துகொண்டது. டீச்சரின் வலது கால் கதவுக்கும் தரைக்கும் நடுவில் போய்விட்டது. நாங்கள் ஓடிப்போனபோது கடலைத் தொலி காற்றில் பறந்துகொண்டிருந்தது. நைனா தோள் எலும்பு முறிந்த கையோடு காரைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் சேர்ந்து தூக்கினோம்.

டீச்சரை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

நைனா சித்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் காலை நான் காபி எடுத்துக்கொண்டு போனபோது கன்னையா அவர் கட்டிலருகில் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். நான் வராந்தாவிலேயே நின்றேன்.

"நாம போட்ட கோடு உள்ளாற கீது சாமி. தேச்சி அழிச்சிருக்குது. செருப்புத் தடம் கீது. சின்னத் தடம்."

நைனா ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

"சரி சாமி. செப்பனு. எவன் கேட்டாலும் செப்பமாட்டேன்" என்றார் கன்னையா. வெளியே வந்தவர் என்னைத் தாண்டிப் போனார். என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"நைனா, நேத்து காலையில..."

"போலீசுக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். "கோடு, பானை எல்லாம் நான் வெச்சதுதான். நாலாவது வளைவுல இருட்டிப்போச்சி, தட்டாம உட்டுட்டேன்னு எழுதியிருக்கேன். கையெழுத்து போட்டாச்சி. நீ அடுத்த பஸ்ல திருப்பதி போ. மூணாம் வருசம் படிப்பு கஷ்டம்னு சொன்னே இல்ல."

"நைனா..."

"காபிய ஆத்து. சூடா இருக்குது."

ஆற்றிக் கொடுத்தேன். அடுத்த பஸ்ஸில் போனேன்.

டீச்சர் புகார் கொடுக்கவில்லை. அதனால் வழக்கு வரவில்லை. கிளப் கமிட்டி கூடி நைனாவைக் கூப்பிட்டது. அவர் அங்கேயும் அதையே சொன்னார். வக்கீல் ஏகாம்பரம், "நாலு மணி நேரம் தட்டறேன் தட்டறேன்னு எங்களை நம்பவெச்சு, கடைசியில இதுதானா அசரியா?" என்று கேட்டாராம். நைனா பச்சை ரிப்பனை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். அடுத்த மே மாதம் போட்டி நடக்கவில்லை. பிறகு எந்த மே மாதமும் நடக்கவில்லை.

பஸ் கம்பெனியில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். புது டிரைவர்களைப் பார்த்துச் சொல்ல வேறு ஆள். கற்றுக்கொள்ள ஒருவரும் வரவில்லை. நோட்டில் நூற்றுப் பதினான்காவது பெயர் தபீதாள். அதற்குப்பிறகு வெறும் தாள்.

இவற்றையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். வீட்டில் நடந்ததுதான் வேறு.

எங்கள் வீட்டில் ஜெபம் முடிந்ததும் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பெண்கள் பிறகு சாப்பிடுவது என்ற பேச்சை நைனா கல்யாணமான முதல் நாளே நிறுத்திவிட்டார். அம்மா அதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு வந்த அன்று அம்மா ஒரு தட்டு மட்டும் வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். எழுந்து வாசற்பக்கம் போய்விட்டாள். சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். பாயில் அவருக்கு எதிரே இருந்தது சுவர்தான். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

விடுமுறைக்கு வந்தபோது பார்த்தேன். ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்.

"அவர்கிட்ட பேச மாட்டியா?"

"இன்னா பேசறது? தபீதா கால எங்கன்னு கேக்கறதா? தட்டிப் பாக்கறதுதான் அந்தாளு பொழப்பு. அத ஒரு நாளு செய்யல. நான் போய் அவ மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பரீட்சை இருந்தது. பிறகு வேலைக்கு மனு போட்டிருந்தேன். பிறகு வேலை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் நல்ல காரணங்கள்.

ஞாயிறுதோறும் கோயிலில் வேறு ஒருவர் ஹார்மோனியம் வாசித்தார். மிதிப்பது சீராக இல்லாமல் பாட்டு நடுவில் மூச்சு வாங்கும். முன்வரிசையில் டீச்சர் மரக்காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். நைனா கடைசி பெஞ்சில். ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் அவர் தலை குனியும். ஆறு வருஷம் இப்படி. ஆறு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் போகாமல் இருந்ததில்லை.

1985ல் ஓய்வுபெற்றதும் இருவரும் திருப்பதிக்கு என் குவார்ட்டர்சுக்கு வந்தார்கள். என் வேலை, கட்டடம் எழுப்புமுன் மண்ணில் கம்பி இறக்கித் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது. கையெழுத்து நான்தான் போடவேண்டும். நைனா ஒருமுறை அந்த ரிப்போர்ட்டை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை படித்தார். "அடிக்கு ஒண்ணு போடறியா?" என்று கேட்டார். அவ்வளவு நெருக்கமாகப் போட வேண்டியதில்லை என்றேன். தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தெருவில் நடக்கும்போது குடையால் தரையைத் தட்டித்தான் அடியெடுத்து வைப்பார். எதிர்வீட்டு வெங்கடலட்சுமி, "பாவம், தாத்தாக்குக் கண்ணு போச்சா?" என்று என்னிடம் கேட்டாள். கண் நன்றாகத் தெரிந்தது அவருக்கு.

அங்கே அவரிடம் இரண்டு முறை முயன்றேன். கடைசியாக, இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது.

"நைனா, அந்த நாலாவது வளைவு. நீங்க வேணும்னுதான் உள்ள தள்ளிப் போட்டிருந்தீங்க இல்ல?"

அவர் நிற்கவில்லை.

"ரோட்டப் பாத்து நட. பைப்புக்குத் தோண்டி மூடியிருக்கான். சரியா மூடல."

"அம்மாகிட்டயாவது நான் சொல்லிடறேன்."

இப்போது நின்றார். குடையை ஊன்றிக்கொண்டார். "சொல்லி இன்னா ஆவப்போவுது? இப்ப ஒருத்தர்மேல கோவமா கீறா. சொன்னா ரெண்டு பேர்மேல. அவளுக்குன்னு யாரு கீறா, நம்ம ரெண்டு பேர உட்டா?"

வீடு வந்தோம். அம்மா ஒரு தட்டு வைத்தாள்.

அதற்குப்பிறகும் நான் சொல்லாததற்கு அவர் சொன்னதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். அது வசதியாக இருந்தது.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை, பல் தேய்க்கப் போனவர் திரும்பவில்லை. இதயம். உடலைச் சித்தூருக்குக் கொண்டுபோய் எங்கள் சபைக் கல்லறையில் அடக்கம் செய்தோம். தபீதாள் டீச்சர் ஊன்றுகோலோடு வந்து, மண் போட்டுவிட்டுப் போனார். கிளப்பிலிருந்து யாரும் வரவில்லை. வக்கீல் ஏகாம்பரம் நான்கு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார்.

நாங்கள் தங்கியிருந்த உறவினர் வீட்டுக்கு மறுநாள் கன்னையா வந்தார். முத்தரப்பள்ளியிலிருந்து நடந்தே வந்திருந்தார். மிகவும் தளர்ந்திருந்தார். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அய்யா மாதிரி மனுசன் கெடையாதும்மா. தட்டாம ஒரு அடி வெக்கமாட்டாரு."

"தெரியும்" என்றாள் அம்மா. "அந்த ஒரு நாளு மட்டும் எங்க போச்சி உங்க அய்யாவோட கடப்பாரை?"

கன்னையா வாய் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்குமுன் பார்க்காத முகத்தை இப்போது நேராகப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். 

"ஏமோம்மா, நாக்குத் தெலீது" என்று, தனக்குத் தெரியாதென்று தெலுங்கில் சொல்லிவிட்டு, தரையில் கை ஊன்றி எழுந்தார். செத்துப்போன மனிதனுக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

திருப்பதி திரும்பியதும் நைனாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு வருஷப் பாதையையும் அவர் நோட்டில் வரைந்து வைப்பார். எந்த இடத்தில் 'பொத்' என்றது, எத்தனை அடி தள்ளிக் கோடு போட்டார் என்று சனிக்கிழமையே எழுதிவிடுவார். 1979ஆம் வருஷத்துப் பக்கத்தைக் காட்டித்தான் அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். பன்னிரண்டு வருஷப் பக்கங்கள் இருந்தன. அது இல்லை. அடியோடு கிழிக்காமல், ஸ்கேல் வைத்து பிளேடால் நேராக அறுத்து எடுத்திருந்தார். நான் மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

காட்ட ஒன்றுமில்லாமல்தான் அம்மாவிடம் போனேன். அடுப்படியில் இருந்தாள். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். டேப், பதினொரு மீட்டர், பதினான்கு மீட்டர், ஆறு பானை, செருப்பு.  முடித்ததும் கேட்டாள்.

"அவரு தட்டிப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"குழி இருக்குதுன்னு தெரிஞ்சிதான் தள்ளிப் போட்டாரா?"

"ஆமா."

"நீதான் மாத்தினேன்னு அவருக்குத் தெரியுமா?"

"மறுநாளே தெரியும்."

"அவருக்குத் தெரியும்னு உனக்கு?"

"தெரியும்."

"அந்தக் கன்னையாவுக்கு?"

"தெரியும்."

"எனக்குத்தான் தெரியாது" என்றாள்.

அடுப்பை அணைத்தாள். 

"ஒம்போது வருசம் அந்தாளு சுவத்தப் பாத்துக்கினு துன்னாரு ரூத்து. நீ பக்கத்துல இருந்து பாத்துக்கினு இருந்தே."



தபீதாள் டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். கால்மேல் இருந்த போர்வையைச் சரிசெய்தார். "உங்க அப்பா கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் வந்து வாசல்லயே நிப்பாரு. ஒரு தடவைகூட உள்ள வாங்கன்னு நான் கூப்பிட்டதில்ல" என்றார். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நினைவுபடுத்தினார்.

போலீசில் அவர் எழுதிக்கொடுத்த தாள் அப்படியே இருக்கும். கமிட்டியின் தீர்மானமும் எங்காவது இருக்கும். திருத்தச் சொல்லலாமென்றால் கிளப்பே இல்லை. முத்தரப்பள்ளி ஏரியில் போன வருஷம் நல்ல மழை. இந்த மே மாதம்வரை வற்றவில்லை. நான்காவது வளைவு இருந்த இடத்தில் ஆளுயரத் தண்ணீர் நிற்கிறது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போக அவளுக்கு வேறு இடமில்லை. நான் வேலையிலிருந்து வந்ததும் பாயை விரித்து ஒரு தட்டு வைக்கிறாள். சோறு போடுகிறாள். குழம்பு ஊற்றுகிறாள். எழுந்து வாசற்பக்கம் போய்விடுகிறாள்.